நான்காம் பெல்ட், பதினோராம் திருத்தம்

நெய்வேலியில் கரியைத் தோண்டுகிறவர்கள் வேறு, எரிக்கிறவர்கள் வேறு. நடுவில் அதைக் கொஞ்ச தூரம் நகர்த்துவது தென்னார்க்காடு எரிபொருள் கையாளுகைக் கழகத்தின் வேலை. நகர்த்த ஆறு பெல்ட்டுகள் இருந்தன. நகர்வதை மேற்பார்க்க ஒன்பது துறைகள் இருந்தன.

பெல்ட் ஓடினால் கரி சிந்தும். சிந்தியதை அடியில் நுழைந்து அள்ளி மறுபடி பெல்ட்டில் போட வேண்டும். அள்ளுகிறவர்கள் கழகத்தின் ஆட்கள் அல்ல, கான்ட்ராக்ட். நான்காம் பெல்ட்டில் அள்ளுகிற ஐந்து பெண்களில் அன்னாள் ஒருத்தி. அவள் புருஷன் சைமன்ராஜ் அதே யார்டில் உருளைகளுக்குக் கிரீஸ் வைப்பவன். அவனும் கான்ட்ராக்ட்தான். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு.

ஒவ்வொரு பெல்ட்டின் ஓரமாகவும் இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு போகும். யாராவது மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் அதை இழுக்கலாம். இழுத்தால் பெல்ட் நிற்கும். நான்காம் பெல்ட்டில் நிற்காது. மாசி மாதம் கூட வேலை செய்யும் சிங்காரவேலின் சட்டைக் கை உருளையில் மாட்டியபோது கயிற்றை இழுத்தது சைமன்ராஜ்தான். இரண்டு முறை இழுத்தான். பிறகு பெல்ட்டின் கோடியில் இருக்கும் சுவிட்ச் பேனலை நோக்கி ஓடினான். அறுபத்திரண்டு எட்டு தூரம். சிவப்புப் பொத்தானை அவன் அமுக்கியபோது சிங்காரவேலுக்கு வலது முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அதற்குப் பின் சைமன்ராஜ் புகார்ப் புத்தகத்தில் மூன்று முறை எழுதினான். 'நான்காம் பெல்ட் கயிறு வேலை செய்யவில்லை.' மூன்று முறையும் எதிரில் யாரோ பச்சை மையில் 'பார்க்கப்பட்டது' என்று எழுதினார்கள். அது பொய்யில்லை. கயிறு அங்கேயேதான் தொங்கியது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஐப்பசியில் கேன்டீன் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். பாதுகாப்பு வாரத்துக்குக் கழகம் குறும்படம் எடுக்கப்போகிறது, தொழிலாளர்கள் திரைக்கதை தரலாம். கான்ட்ராக்டரின் சூபர்வைசர் செங்குட்டுவன் சைமன்ராஜைத் தேடி வந்தான்.

“நீங்கதான் கோயில்ல வருசா வருசம் ஏசு பாடுபட்ட பாஸ்கா நாடகம் எழுதுறீங்களே. ஒண்ணு எழுதிப் போடுங்கண்ணே.”

“போட்டு இன்னா ஆவப்போவுது?”

“ஆவும்ணே. போன வருசம் தண்ணியப் பத்திப் படம் எடுத்தாங்க. மூணு வருசமா செத்துக் கெடந்த கேன்டீன் தண்ணி மெஷினு முந்தின நாளே ஓட ஆரம்பிச்சிச்சி. இன்னிக்கும் ஓடிகினு இருக்குது. படத்துல எந்த மெஷினக் காட்டுனாலும் அது நல்லா ஓடணும். சரி பண்ணிட்டுத்தான் கேமராவே வைப்பாங்க. ரூல் பதினாலு.”

சைமன்ராஜ் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு அந்த விதியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.

அவனுக்குத் தெரிந்தது ஒரே வகைக் கதை. ஒருவன் பாடுபடுவான், சுற்றி நிற்பவர்கள் கை கட்டி நிற்பார்கள், கடைசியில் சனம் அழும். அப்படியே எழுதினான். நீள நோட்டில் எட்டுப் பக்கம். ஆரோக்கியம் என்ற கான்ட்ராக்ட் தொழிலாளி, நான்காம் பெல்ட், உருளை, கயிறு. கூட்டாளி இழுக்கிறான், பெல்ட் நிற்கவில்லை, ஓடுகிறான். தலைப்பு 'அறுபத்திரண்டு எட்டு'.

படித்துவிட்டு அன்னாள் நோட்டை மூடினாள்.

“இத அவனுங்க எடுப்பானுங்களா?”

“எடுக்க வேணாம். நாலாம் பெல்ட்டக் காட்டுனா போதும். கயிறு சரியாயிடும்.”

“அது சரியாச்சின்னா உம் படத்த நான் நாலு தடவ பாக்கறன்,” என்றாள்.

*

பத்து நாளில் கடிதம் வந்தது. 'தங்கள் திரைக்கதை மேம்பாட்டுக்குத் தேர்வாகியுள்ளது.' சைமன்ராஜ் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டான்.

கழகத்தில் காகிதம் என்றால் வரைபடம். ஒரு சுவரோ குழாயோ வரைந்தால் அதற்குத் திருத்தம் 0 என்று முத்திரை விழும். துறைகள் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவார்கள். திருத்தம் 1, திருத்தம் 2. எல்லாத் துறையும் கையெழுத்திட்ட பிறகு கட்டுவார்கள். கட்டி முடித்ததும், கட்டியது எப்படி வந்திருக்கிறதோ அதற்கு ஏற்றபடி வரைபடத்தை மாற்றி வரைவார்கள். அதன்பின் பிழை என்று ஒன்று இருக்காது. திரைக்கதையையும் அப்படியே நடத்துவது என்று என்றோ ஒரு கூட்டத்தில் முடிவாகியிருந்தது. எட்டுப் பக்கத்துக்கும் வலது கீழ் மூலையில் கட்டம் போட்டு முத்திரை குத்தியிருந்தார்கள்.

திரைக்கதைக் குழுவின் செயலர் பாதுகாப்புப் பண்பாட்டுத் துறைத் துணை மேலாளர் மதிவாணன். அவர் மேசை மேல் ஒரு தலைக்கவசம் இருந்தது. பாலித்தீன் உறை பிரிக்காமல் இருந்தது.

“ரொம்ப உருக்கம், சைமன்ராஜ். வீட்டுல படிக்கக் குடுத்தேன், அழுதுட்டாங்க. அதனால ஒரு சின்ன மாற்றம்.”

“சொல்லுங்க சார்.”

“கை போகக் கூடாது.”

“போச்சுங்களே சார்.”

“எங்க போச்சு? கேட்ல பலகை இருக்கு பாத்தீங்களா? விபத்தில்லா நாட்கள், ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு. படம் பாத்துட்டு வெளிய வர்ற ஜனங்க அந்தப் பலகையையும் பாப்பாங்க. எத நம்புவாங்க?”

“சிங்காரவேலுக்கு மாசி மாசந்தாங்க...”

“அது விபத்து இல்ல, நிகழ்வு.” மதிவாணன் பொறுமையாகச் சொன்னார். “விபத்துன்னா விசாரணை வைக்கணும். விசாரணை வச்சா கயிறு ஏன் வேலை செய்யலன்னு கேப்பாங்க. அதுக்கு நம்மகிட்ட பதில் இல்ல. அதனாலதான் நிகழ்வுன்னு வகைப்படுத்தினோம். எதையும் மறைக்கல. எல்லாம் முறைப்படி.”

சைமன்ராஜ் யோசித்தான். கை அவனுக்கு முக்கியமாக இருந்தது. கயிறு அதைவிட முக்கியம்.

“கயிறு இருக்குதுங்களா சார்?”

“கயிறு தாராளமா இருக்கட்டும்.”

கையெழுத்துப் போட்டான். திருத்தம் 1-ல் கைக்குப் பதில் ஒரு விரல். மருத்துவத் துறை ரத்தத்துக்கு ஆட்சேபம் தெரிவித்தது. திருத்தம் 2-ல் நகம். நகத்துக்கும் முதலுதவிப் பதிவேட்டில் வரி வேண்டுமாம். திருத்தம் 3-ல் சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்து விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் சிங்காரவேல் நின்றிருந்தான். அவன் பூசைக்கு வருகிறவன் இல்லை. கதை என்ன ஆயிற்று என்று கேட்க வந்திருந்தான். முருக பக்தன், கழுத்தில் வேல் டாலர்.

“எங் கை எத்தினியாவது திருத்தத்துலடா போச்சி?”

“ஒண்ணுல வெரலாச்சி. ரெண்டுல நகமாச்சி. மூணுல மொளைச்சிடுச்சிடா.”

சிங்காரவேல் தொங்கும் சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டான்.

“பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரியில முடியாதத கமிட்டி முடிச்சிட்டானுங்க பாரு,” என்றான்.

*

அடுத்த இரண்டு மாதம் திரைக்கதை துறை துறையாகப் போயிற்று. சைமன்ராஜ் ஷிப்ட் முடிந்ததும் குளித்து, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனான்.

மனிதவளத் துறை கதாநாயகன் கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருக்கக் கூடாது என்றது. காரணம் எழுத்திலேயே தந்தார்கள்: 'ஒப்பந்தத் தொழிலாளர் கழகத்தின் வளாகத்தில் இருந்தாலும் கழகத்தில் இல்லை.' ஆரோக்கியம் நிரந்தரம் ஆனான். யார்டில் பதினேழு வருஷமாக நடக்காதது ஒரே மதியத்தில் நடந்தது. அப்புறம் நிரந்தரத் தொழிலாளி எதற்குப் பெல்ட்டுக்கு அடியில் நுழைகிறான் என்று கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. ஆரோக்கியம் மேற்பார்வையிட வந்த அதிகாரி ஆனான். அதிகாரிக்கு ஆரோக்கியம் என்ற பேர் ஒத்துவரவில்லை. ஹரி ஆனான்.

சிவில் துறை தரையில் இருந்த தண்ணீரை எடுத்தது. தோட்டக்கலைத் துறை ஒரு வேப்பமரம் வைத்தது. மின்துறைக்காரர் 'கயிறு வேலை செய்யவில்லை' என்ற வரியில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“இது எப்படி? எங்க துறைக் கயிறு வேலை செய்யாம இருக்காது. ‘கயிற்றை இழுத்ததும் பெல்ட் நிற்கிறது’ன்னு மாத்துங்க.”

சைமன்ராஜ் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. படத்தில் நான்காம் பெல்ட் நிற்க வேண்டும். நிற்க வேண்டுமென்றால் கயிறு சரியாக வேண்டும். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அரைக் கிலோ முறுக்கு வாங்கிக்கொண்டு போனான்.

“இன்னாய்யா விசேஷம்?” என்றாள் அன்னாள்.

“கயிறு பாஸாயிடுச்சி.”

“இன்னிக்கி இழுத்துப் பாத்தேன். அப்பிடியேதான் கெடக்குது.”

“பேப்பர்ல பாஸாயிடுச்சிடி. படம் புடிக்கறப்ப தானா வரும்.”

அவள் முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டாள். புடவை உருளையில் மாட்டாமல் இருக்க மேலே போட்டுக்கொள்ளும் சட்டையைத் துவைக்கப் போட்டாள். யார்டில் அந்தப் பெண்கள் புடவைத் தலைப்பை வயிற்றோடு இறுக்கி, அதன்மேல் ஓர் ஆண் சட்டையைப் போட்டு, சட்டைக் கையை மணிக்கட்டில் ரப்பர் வளையத்தால் கட்டிக்கொள்வார்கள். அது அவர்களாகக் கண்டுபிடித்தது. எந்தத் துறையும் ஒப்புதல் தரவில்லை.

*

திருத்தம் 6-க்குச் சென்னையிலிருந்து திரைக்கதை ஆலோசகர் வந்தார். இசைப்பிரியா. பல படங்களைத் தேற்றியவர் என்றார்கள். எந்தப் படம் என்று யாரும் கேட்கவில்லை. விருந்தினர் விடுதியில் அவருக்கு ஏசி வேலை செய்யவில்லை, உடனே வேறு அறை கொடுத்தார்கள்.

“அழகா இருக்கு, ஆனா ஓட்டமே இல்லையே,” என்றார் அவர். “கை போகல. கயிறு நல்லாருக்கு. எல்லாரும் நல்லவங்க. அப்ப இந்தக் கதை எதுக்காக நடக்குது?”

“மொதல்ல ஒரு காரணம் இருந்திச்சிங்க மேடம். திருத்தம் ஜீரோவுல.”

“நான் ஜீரோ படிக்கறதில்ல. ஒரிஜினலப் படிச்சா அதுமேல ஒரு பாசம் வந்துடும். வேலை கெட்டுப்போகும்.” காகிதத்தில் ஒரு மலை வரைந்தார். “ஹீரோவுக்கு ஒரு எதிரி வேணும். நிர்வாகம் எதிரியா இருக்க முடியாது, அவங்கதான் தயாரிப்பாளர். மெஷின் எதிரியா இருக்க முடியாது, அது நல்லாருக்குன்னு சர்டிபிகேட் இருக்கு. மிச்சம் யாரு?”

அவரே மலை உச்சியில் ஒரு புள்ளி வைத்தார்.

“தொழிலாளியோட கவனக்குறைவு!” என்றார் இசைப்பிரியா. “நிர்வாகத்தக் குறை சொன்னா அது பிரச்சாரம். தொழிலாளியக் குறை சொன்னா அது விழிப்புணர்வு. எந்த விருதுக் குழுவும் இத ஒத்துக்கும்.”

மதிவாணன் எழுதிக்கொண்டார். ஹரியின் கவனம் ஏன் சிதறுகிறது என்று கேட்டார்கள். மனைவி போன் செய்கிறாள் என்று முடிவாயிற்று.

அன்று இரவு இதைக் கேட்டதும் அன்னாள் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

“நான் எப்பய்யா உனக்கு போன் பண்ணேன்? போனத்தான் கேட்லயே புடுங்கி வச்சிக்கிறானுங்களே!”

“சொன்னேன். அதுக்கும் திருத்தம் போட்டுட்டாங்க. போன் வரல. பொண்டாட்டி முன்னாடி ஒரு நாள் போன் பண்ணது அவனுக்கு ஞாபகம் வருது.”

“ஞாபகம் வந்து பொத்தான் அறுந்துடுதா?”

“ஆமா.”

“கை கழுவற பிலாத்து வேசத்துக்கு இந்த வருசம் நீ ஆளு தேட வேணாம். அங்க ஒரு டஜனு இருக்குது,” என்றாள். பிறகு கேட்டாள்: “கயிறு இருக்குதா?”

“இருக்குது.”

“நாலாம் பெல்ட்டு?”

“இருக்குது.”

“அப்ப நானே வில்லியா இருந்துட்டுப் போறன்.”

*

திருத்தம் 8 பொதுமேலாளர் நல்லசாமியிடம் போயிற்று. அவர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். யாரிடமும் குரல் உயர்த்தாதவர். வேலை நேரத்தில் யார்டுக்கு வந்தால் தொழிலாளர்களுக்குச் சங்கடம் என்று மூன்று வருஷமாக வராமலே இருந்தார். கூட்டத்தில் சைமன்ராஜுக்குக் கதவோரம் ஒரு நாற்காலி போட்டார்கள்.

“ஏனுங்க மதிவாணன், கதை நல்லாத்தானுங்க இருக்குது. இதுல எதுக்குங்க இத்தன கரி?”

“நம்ம கழகம் கரி கையாளற கழகம் சார்.”

“அது தெரியுமுங்க. கையாளறது வேற, காட்டறது வேற. டெல்லிப் போட்டிக்கு அனுப்பறோம். அங்க உக்காந்து பாக்கறவங்களுக்கு இருமல் வரக்கூடாது பாருங்க.”

“பெல்ட்ட எடுத்துடலாம் சார்,” என்றார் மதிவாணன்.

சைமன்ராஜ் எழுந்துவிட்டான். “பெல்ட்ட எடுத்துடாதீங்க சார்.”

நல்லசாமி அவனைக் கனிவாகப் பார்த்தார். “எடுக்க வேண்டாமுங்க. கதை எழுதுனவரு மனசு நோகக் கூடாது. பெல்ட் இருக்கட்டும். சுத்தமான பெல்ட்டா இருக்கட்டும். நம்ம ஆபீசர்ஸ் கிளப்புல ஒண்ணு இருக்குதுங்களே.”

முதலில் புரிந்துகொண்டவர் மதிவாணன். அதனால்தான் அவர் துணை மேலாளர்.

“அருமை சார். டிரெட்மில்!”

சைமன்ராஜ் அதைப் பார்த்ததில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் தாழ்ந்த குரலில் விளக்கினார். உடம்பு இளைக்க வீட்டுக்குள்ளேயே நடக்கிற இயந்திரம்.

“பெல்ட்டு ஓடுமுங்களா, ஆளு ஓடுவாருங்களா?”

“ரெண்டும் ஓடும்.”

“எங்க போவுது?”

“எங்கயும் போகாது.”

“கயிறுகூட அதுலயே இருக்குதுங்க,” என்றார் நல்லசாமி. குரலில் முதல்முறையாக உற்சாகம். “செவப்புக் கயிறு. சட்டையில மாட்டிக்கிட்டு நடக்கணும். தடுமாறுனா புடுங்கிக்கிட்டு மெஷினு நின்னுக்கும். இப்ப நம்முளுது அறுந்து கெடக்குது. நானே பயந்து பயந்துதானுங்க நடக்கறேன்.”

“சார்,” என்றான் சைமன்ராஜ். “நாலாம் பெல்ட்டுல எஞ் சம்சாரம் வேலை செய்யுதுங்க. அங்க கயிறு இழுத்தா பெல்ட்டு நிக்காதுங்க. அது சரியாவணும்னுதாங்க இந்தக் கதையே எழுதினேன்.”

“அதுக்கு எதுக்குங்க கதை? புகார்ப் புத்தகத்துல எழுதலாமுங்களே.”

“மூணு தடவ எழுதினேங்க.”

“அப்ப பாத்திருப்பாங்களே,” என்றார் நல்லசாமி.

சைமன்ராஜ் மதிவாணன் பக்கம் திரும்பினான். “நான் இதுக்குக் கையெழுத்துப் போட மாட்டேங்க.”

“பரவால்ல,” என்றார் மதிவாணன். “திருத்தம் ஆறோட நீங்க எழுத்தாளர் இல்ல. மூலக்கருத்து. மூலக்கருத்துக்குக் கையெழுத்து தேவையில்ல.”

*

படப்பிடிப்பு தை மாதம் ஆபீசர்ஸ் கிளப்பில் நடந்தது. விதி பதினாலை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார்கள். மின்துறையிலிருந்து நான்கு பேர் இரண்டு நாள் வந்து டிரெட்மில்லைப் பிரித்துப் பூட்டினார்கள். புதுக் கயிறு சென்னையிலிருந்து வந்தது. முப்பது முறை இழுத்துப் பார்த்தார்கள். முப்பது முறையும் நின்றது. சான்றிதழ் கொடுத்து, சட்டம் போட்டு, கிளப் சுவரில் மாட்டினார்கள்.

ஹரியாக நடிக்க ஆள் தேடினார்கள். பொதுமேலாளரே ஒப்புக்கொண்டார்.

படம் ஒன்பது நிமிடம். 'புன்னகைப் பயணம்' என்று தலைப்பு. நல்லசாமி வெள்ளை உடையில் டிரெட்மில்லில் நடக்கிறார். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். மனைவி போன் செய்தது ஞாபகம் வருகிறது. தடுமாறுகிறார். சிவப்புக் கயிறு கழல்கிறது. இயந்திரம் நிற்கிறது. அவர் மரத்தைப் பார்த்துப் புன்னகைக்கிறார். ஒரு பொத்தான் உருண்டு போகிறது. அதை எடுத்துவிட யாருக்கும் தோன்றவில்லை. எந்தத் திருத்தத்தில் எதற்காக வந்தது என்பது எல்லோருக்கும் மறந்துவிட்டிருந்தது. பிறகு எடுத்த படத்துக்கு ஏற்றபடி திரைக்கதையை மாற்றி எழுதினார்கள். திருத்தம் 11. பிழை இல்லை.

படத்துக்கு டெல்லியில் பரிசு கிடைத்தது. இங்கே திரையிடலுக்கு இருக்கைகள் நிரம்ப வேண்டும் என்று கான்ட்ராக்ட் தொழிலாளர்களைப் பஸ்ஸில் ஏற்றிப் போனார்கள். படம் முடிந்ததும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சிங்காரவேல் இடது கையால் தொடையில் தட்டினான்.

“கயிறு நல்லா வேலை செய்யுதுடா,” என்றான்.

இசைப்பிரியா மேடையில் பேசினார். “நல்ல திரைக்கதை எழுதப்படுவதல்ல, எடுக்கப்படுவது. தேவையில்லாததை எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் நிற்பதுதான் உண்மை.”

கடைசியில் நின்றவர் நல்லசாமி. அவருக்கு மாலை போட்டார்கள். மூலக்கருத்துக்கு ஒரு கேடயம் தந்தார்கள். சைமன்ராஜ் வாங்கிக்கொண்டு கீழே இறங்கினான். மூன்றாவது வரிசையில் அன்னாள் உட்கார்ந்திருந்தாள். அவன் உட்கார்ந்ததும் கேடயத்தை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“நாலு தடவ பாக்கறன்னு சொன்னேன் இல்ல?” என்றாள். “ஒரு தடவ போதும்.”

மறுநாள் காலை அவளுக்கு முதல் ஷிப்ட். நான்காம் பெல்ட்.

*

சைமன்ராஜ் அன்று புகார்ப் புத்தகத்தை எடுத்தான். நான்காவது முறை எழுதலாம் என்றுதான். பக்கத்தைப் புரட்டினால் பழைய மூன்று வரிகளையும் சிவப்பு மையில் அடித்திருந்தார்கள். பக்கத்தில் ரப்பர் முத்திரை: 'முடிந்தது. குறும்படம் வாயிலாக நடவடிக்கை எடுக்கப்பட்டது.' முத்திரையே புதிதாகச் செய்திருந்தார்கள்.

பேனாவைத் திறந்தான். செங்குட்டுவன் கையை வைத்துத் தடுத்தான். அவன் முகத்தில் சிரிப்பில்லை.

“முடிஞ்ச புகார மறுபடி எழுத வுட மாட்டாங்கண்ணே. புதுசா இருந்தாதான்.”

“புதுசா ஒருத்தர் கை போனா எழுதலாமா?”

“அது நிகழ்வுப் புத்தகம்ணே. அது வேற எடத்துல இருக்குது.”

சைமன்ராஜ் பேனாவை மூடினான். பெல்ட் பக்கம் போய், கயிற்றின் பக்கத்திலிருந்து பேனல் வரை நடந்து பார்த்தான். ஓடினால் அறுபத்திரண்டு. நடந்தால் எண்பத்தாறு. திரும்பி வந்து, ஷிப்டில் இல்லாத ஆள் ஒருத்தர் உள்ளே வந்து நிற்கலாமா என்று செங்குட்டுவனிடம் கேட்டான். செங்குட்டுவன் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, “நான் பாக்கல, நீங்க கேக்கல,” என்றான்.

புதன்கிழமை சைமன்ராஜுக்கு வார ஓய்வு. அன்று காலை அன்னாளோடு கிளம்பினான். ஐந்து பெண்களும் சட்டைக் கையில் ரப்பர் வளையத்தை மாட்டிக்கொண்டு அடியில் நுழைந்தார்கள். அவன் கோடியில் இருந்த பேனலுக்குப் போனான். சிவப்புப் பொத்தானின் மேல் உள்ளங்கையை வைத்தான். அப்படியே நின்றான்.

ஐந்து பெண்களில் ஒருத்தியான வீரம்மாளின் மருமகன் வியாழன் வருவதாகச் சொல்லியிருந்தான். வெள்ளிக்கு இன்னொருத்தியின் தம்பி. சனிக்கிழமையைச் சிங்காரவேல் கேட்டு வாங்கிக்கொண்டான். பொத்தானை அமுக்க ஒரு கை போதும் என்றான்.

பத்து மணிக்கு மேல் வேறு ஏதோ ஊர்க் கழகத்துக்காரர்கள் சிலர் வந்தார்கள். பரிசுபெற்ற படம் உருவான சூழலைப் பார்க்க வேண்டுமாம். மதிவாணன் அழைத்து வந்தார். எல்லோர் தலையிலும் புதுத் தலைக்கவசம். பேனல் பக்கம் வந்ததும் மதிவாணனின் முகம் சுருங்கியது. அவனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் பார்த்தவர்.

“யாருய்யா அது? வேலை நேரத்துல சும்மா நிக்கிறது?”

சைமன்ராஜ் தலையைத் திருப்பவில்லை.

“கயிறுங்க சார்,” என்றான்.

பெல்ட் இரைச்சலில் அவருக்குக் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற உதவியாளரிடம், “நாலாம் பெல்ட்டுல ஒரு ஆள் உபரி, எழுதிக்க,” என்றார். உதவியாளர் எழுதிக்கொண்டார். அவர்கள் ஐந்தாம் பெல்ட்டுக்குப் போனார்கள்.

உருளைகளுக்கு நடுவே அன்னாளின் முதுகு தெரிந்தது. குனிந்து அள்ளினாள், நிமிர்ந்து கொட்டினாள், மறுபடி குனிந்தாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூக்கில் கரித்தூள் அரித்தது. கையை எடுக்கவில்லை.